வேலூரிலிருந்து தாய்லாந்து இங்கிலீஷ் கேம்ப்புக்கு: ஊழியக் குழுவில் போகிறவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

வடக்குத் தாய்லாந்தில் ஒரு பள்ளிக்கூடம். முதல் நாள் காலை, பேருந்துப் படம் போட்ட அட்டையைத் தூக்கிப் பிடித்து "பஸ்" என்றேன். முப்பது பிள்ளைகளும் ஒரே குரலில் "பட்" என்றார்கள். திருத்திச் சொன்னேன். மறுபடியும் "பட்". மூன்றாவது தடவை என் குரல் கொஞ்சம் ஏறிவிட்டது. பின்னால் உட்கார்ந்திருந்த எங்கள் குழு அக்கா மெதுவாகச் சொன்னார்: "நம்ம ஊர்ல 'பஸ்ஸு'ன்னுதானே சொல்றோம்? உன்னை யாராவது இப்படி அதட்டினாங்களா?"

தாய்லாந்து மொழியில் சொல்லின் கடைசியில் 'ஸ்' நிற்காது, 'ட்' ஆகிவிடும். நமக்கோ ஒரு 'உ' சேர்த்தால்தான் நாக்குக்கு நிம்மதி. நாம் 'இஸ்கூலு' என்போம், அவர்கள் 'ஸகூன்' என்பார்கள். இரண்டு பேருமே இங்கிலீஷைக் கடன் வாங்கியவர்கள்தான். அமெரிக்காவிலிருந்து வரும் குழுவிடம் இல்லாத ஒன்று நம்மிடம் இருக்கிறது. இந்த மொழியை எழுத்துக் கூட்டி, பயந்து, தப்பாகப் பேசிச் சிரிப்பு வாங்கிக் கற்றவர்கள் நாம்.

இன்னொன்றும் உண்டு. அமெரிக்க மிஷனரிகளான ஸ்கடர் சகோதரர்கள் நம் பக்கத்தில் ஆற்காடு மிஷனை ஆரம்பித்தது 1853இல். அந்தக் குடும்பத்தில், ராணிப்பேட்டையில் பிறந்த டாக்டர் ஐடா ஸ்கடர் வேலூரில் ஒரே படுக்கையோடு சிகிச்சையைத் தொடங்கியது 1900இல். ஆக நூற்றெழுபது வருடமாக வடாற்காடு மிஷனரிகளை வரவேற்ற ஊர். அவர்களில் யாரை நம் பாட்டிமார் கடைசிவரை நினைவில் வைத்திருந்தார்கள், யார் வந்ததே யாருக்கும் ஞாபகமில்லை என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். தமிழைக் கற்று நம்மோடு உட்கார்ந்து சாப்பிட்டவர்கள்தான் நினைவில் நின்றிருப்பார்கள். வெளிநாட்டுக்குப் போகும் குழுவுக்கு இதைவிட நல்ல பாடப் புத்தகம் கிடையாது.

பள்ளிப் பிள்ளைகளுக்குச் சில நாள் இங்கிலீஷ் சொல்லித் தர, சபையிலிருந்து குழுவாகப் போவதுதான் இந்த இங்கிலீஷ் கேம்ப். இரண்டு தடவை போய் வந்த அனுபவத்தில், நாங்கள் செய்த தப்புகளையும் சேர்த்து, வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் வேலை: கூப்பிடுவது யார்?

நாமாக நாடு பார்த்து, தேதி பார்த்து, "வருகிறோம்" என்று சொல்வது தலைகீழ். அங்கே ஒரு சபையோ பள்ளியோ கூப்பிட வேண்டும். தாய்லாந்தில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பௌத்தர்கள், கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஒருவர் அளவுதான். நாம் ஐந்து நாளில் திரும்பிவிடுவோம். நாம் செய்துவிட்டு வந்ததற்குப் பதில் சொல்லிக்கொண்டு அந்தத் தெருவிலேயே வாழப் போவது அந்தச் சின்ன சபைதான்.

அழைப்பு வந்தால் இதையெல்லாம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: பிள்ளைகள் எத்தனை பேர், என்ன வயது, கேம்ப் நடப்பது அரசுப் பள்ளியிலா சபை வளாகத்திலா, மொழிபெயர்க்க யார் இருக்கிறார்கள், விசுவாசத்தைப் பற்றிப் பேசலாமா, பேசினால் எப்போது, அது பெற்றோருக்குத் தெரியுமா. கடைசிக் கேள்விக்கு மழுப்பலாகப் பதில் வந்தால் அங்கேயே நின்று பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். இங்கிலீஷ் சொல்லித் தருகிறோம் என்று கூப்பிட்டுவிட்டுப் பிரசங்கம் செய்வது ஏமாற்று வேலை. நம் பிள்ளைக்கு யாராவது அப்படிச் செய்தால் நாம் சும்மா இருப்போமா? பெற்றோருக்குப் போகும் தாளிலேயே "இது கிறிஸ்தவக் குழு நடத்தும் கேம்ப், பாட்டும் வேதாகமக் கதையும் இருக்கும்" என்று அவர்கள் மொழியில் இருக்கட்டும்.

தேதி

அங்கே பெரிய விடுமுறை மார்ச் நடுவில் தொடங்கி மே நடுவரை, சின்ன விடுமுறை அக்டோபரில். நமக்கு ஏப்ரல், மே வசதி என்று உடனே தலையாட்டிவிடாதீர்கள். சியாங் மாய், சியாங் ராய் பக்கம் பிப்ரவரியிலிருந்து ஏப்ரல்வரை காட்டையும் வயலையும் எரிக்கும் புகை மூட்டம். ஆஸ்துமா உள்ளவர்கள் அந்தப் பக்கம் அப்போது போகவே கூடாது. ஏப்ரல் 13 முதல் 15 வரை சொங்க்ரான், அவர்களுடைய புத்தாண்டு. நம் சித்திரை ஒன்றும் அதுவும் ஒரே சமயம் வரும். ஊரே தண்ணீர் ஊற்றி விளையாடும்போது கேம்ப்புக்கு யார் வருவார்கள்? எங்களுக்கு அக்டோபர்தான் ஒத்துவந்தது. வேலைக்குப் போகிறவர்களுக்கு லீவு கிடைப்பதுதான் சிரமம்.

பாஸ்போர்ட்: ஆறு மாதம் முன்பே

நம் ஊர் ஆட்களுக்குப் பாஸ்போர்ட்டில் வரும் பெரிய தலைவலி பெயர். ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழில் இன்னொன்று, ஆதாரில் இனிஷியல் முன்னால், பான் கார்டில் பின்னால். முதலில் எல்லாவற்றையும் ஒன்றாக்குங்கள். அதற்கே இரண்டு மாதம் ஓடிவிடும். பாஸ்போர்ட்டில் சர்நேம் என்ற இடம் காலியாக இருந்தால், டிக்கெட் எடுக்கும்போது அதை முன்கூட்டியே சொல்லுங்கள். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியேதான் டிக்கெட்டிலும் இருக்க வேண்டும், இனிஷியலை விரித்திருந்தால் அதுவும் சேர்த்து.

புதிதாக எடுக்கப் பெரியவர்களுக்கு 36 பக்கப் புத்தகம் 1,500 ரூபாய், தட்கல் என்றால் கூடுதலாக 2,000. பத்து வருடம் செல்லும். ஏற்கெனவே கையில் இருப்பவர்கள் காலாவதித் தேதியைப் பாருங்கள். பயணத் தேதியிலிருந்து ஆறு மாதமாவது பாக்கி வேண்டும். கூடவே போலீஸ் கிளியரன்ஸ் சர்டிபிகேட்டுக்கும் விண்ணப்பித்துவிடுங்கள், அது 500 ரூபாய். பிள்ளைகளோடு வேலை செய்யப் போகிறவர்களிடம் அதைக் கேட்கும் சபைகள் உண்டு. கேட்காவிட்டாலும் நாமே கொண்டுபோய்க் கொடுப்பது மரியாதை.

விசா: இதில் மட்டும் குறுக்கு வழி வேண்டாம்

"டூரிஸ்ட்னு சொல்லிட்டு உள்ள போயிடலாம், எல்லாரும் அப்படித்தான் போறாங்க" என்று ஒருவர் கண்டிப்பாகச் சொல்வார். சம்பளம் இல்லாத சேவையும் வேலைதான் என்பது தாய்லாந்து சட்டத்தின் பார்வை. சுற்றுலா அனுமதியில் உள்ளே போய் வகுப்பு எடுத்தால் மாட்டுவது நாம் மட்டுமல்ல, கூப்பிட்ட சபையும்தான். எந்த வகை விசா, வேலை அனுமதி தேவையா என்று அழைக்கும் சபை அங்குள்ள அலுவலகத்தில் கேட்டுச் சொல்லட்டும். நாம் சென்னையிலுள்ள தாய்லாந்து துணைத் தூதரகத்தில் அழைப்புக் கடிதத்தைக் காட்டிக் கேட்கலாம். இமிகிரேஷன் கவுண்டரில் பொய் சொல்லிவிட்டுப் போய் வேதாகமக் கதை சொல்வது எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

2025 மே 1 முதல், உள்ளே நுழையும் வெளிநாட்டவர் எல்லாரும் ஆன்லைனில் டிஜிட்டல் வருகை அட்டையை நிரப்ப வேண்டும். போய்ச் சேருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் செய்ய வேண்டியது. கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் வந்தால் அது வேறு யாரோ நடத்தும் கடை.

பணம்

டிக்கெட், விசா, இன்சூரன்ஸ், தங்குமிடம், சாப்பாடு, கேம்ப் சாமான், அப்புறம் யாருக்காவது உடம்புக்கு வந்தால் என்று ஒரு பத்து சதவீதம். இதைத் தலைக்கு இவ்வளவு என்று வகுத்து, சபை நிர்வாகத்தைப் பார்க்கும் பாஸ்டரேட் கமிட்டியில் எழுதிக் கொடுத்த பிறகுதான் வசூலுக்கு இறங்க வேண்டும். ஆராதனை முடிந்ததும் வாலிபர் ஐக்கியம் விற்ற பிரியாணிப் பொட்டலத்தில் எங்களுக்குக் கொஞ்சம் சேர்ந்தது. அறுப்பின் பண்டிகை ஏலத்தில் இன்னும் கொஞ்சம். ஒரு பூசணிக்காயை இரண்டு மாமாக்கள் போட்டி போட்டு ஏற்றிய வேகத்தில் ஒருவருடைய இன்சூரன்ஸ் செலவே வந்துவிட்டது. ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது போடுங்கள். போகிறவர்களும் கையிலிருந்து ஒரு பங்கு போட வேண்டும். முழுச் செலவும் சபையுடையது என்றால் அது ஊழியமா உல்லாசப் பயணமா என்ற பேச்சு நிச்சயம் வரும். வருவதும் நியாயம்தான்.

குழுவும் பயிற்சியும்

எட்டு முதல் பத்துப் பேர் போதும். பாட ஒருவர், விளையாட்டுக்கு ஓடியாட இருவர், கணக்கு எழுத ஒருவர், முதலுதவி தெரிந்த ஒருவர். வேலூரில் நர்ஸுக்குப் பஞ்சமா என்ன. நன்றாக இங்கிலீஷ் பேசுகிறவர்தான் வேண்டும் என்று தேடாதீர்கள். எங்கள் குழுவில் கான்வென்டில் படித்த ஒருவர் படபடவென்று பேசினார். பிள்ளைகள் அவரைக் கண்டாலே ஒதுங்கினார்கள். அரசுப் பள்ளியில் படித்த தம்பி ஒருத்தன் ஒரு வாக்கியத்துக்கு மூன்று தடவை நிறுத்துவான். அவனைச் சுற்றி எப்போதும் கூட்டம். உச்சரிப்பைப் பற்றிய கூச்சமும் வேண்டாம். தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானுக்கு அலுவல் மொழி ஆங்கிலம்தான். அந்தப் பிள்ளைகள் நாளைக்கு இங்கிலீஷ் பேசப் போவது பெரும்பாலும் வியட்நாம்காரரோடும் சீனரோடும் நம்மோடும்தான்.

வி.பி.எஸ். என்கிற விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்திய அனுபவம் இதற்குப் பாதித் தயாரிப்பு. ஆக்‌ஷன் சாங், கிராஃப்ட், மனப்பாட வசனம், குழு குழுவாகப் பிரிப்பது எல்லாம் கை வந்த கலை. மறக்க வேண்டியது ஒன்றுதான்: வி.பி.எஸ்.ஸில் நாம் பேசுவோம், பிள்ளைகள் கேட்பார்கள். இங்கிலீஷ் கேம்ப்பில் பிள்ளைகள் பேச வேண்டும். நாற்பது நிமிட வகுப்பில் நீங்கள் பத்து நிமிடத்துக்கு மேல் பேசினால் வகுப்பு தோற்றது.

ஆறு சனிக்கிழமை பயிற்சி வையுங்கள். முதல் இரண்டில் மெதுவாகப் பேசப் பழகுவது. ஒருவர் பேச, இன்னொருவர் அதைத் தமிழில் மொழிபெயர்க்கட்டும். ஒரு மூச்சில் நாலு வாக்கியம் பேசினால் மொழிபெயர்ப்பவர் எப்படித் திணறுகிறார் என்று அப்போதுதான் உறைக்கும். ஒரு வாக்கியம், நிறுத்தம், அடுத்த வாக்கியம். அடுத்தது, நம் ஊர் இங்கிலீஷைப் பொறுக்கி எடுப்பது. 'குட் நேம்', 'அவுட் ஆஃப் ஸ்டேஷன்', 'டூ ஒன் திங்' எல்லாம் அங்கே யாருக்கும் புரியாது. தலையாட்டலும் அப்படித்தான். நாம் 'சரி' என்று பக்கவாட்டில் ஆட்டுவதை 'இல்லை' என்று எடுத்துக்கொண்டு ஒரு பையன் கையிலிருந்த பந்தை அப்படியே கீழே வைத்துவிட்டான்.

ஒரு வகுப்பை அருகில் பார்க்கலாம்

எங்களுக்கு நன்றாக அமைந்த வகுப்பு கோலம். முதல் பயணத்தில் அரைக் கிலோ கோலமாவைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போனேன். பிளாஸ்டிக் பையில் வெள்ளைத் தூள். விமான நிலையத்தில் ஸ்கேனர் முன்னால் நின்று "இது அரிசி மாவு, வாசலில் படம் வரைவது" என்று விளக்கிய பத்து நிமிடத்தை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். சாக்பீஸ் போதும்.

தரையில் நாலு வரிசை, வரிசைக்கு நாலு புள்ளி. பிள்ளைகள் எண்ணிக்கொண்டே வைக்கட்டும்: ஒன் டாட், டூ டாட்ஸ். அடுத்து மேலே, கீழே, இடது, வலது, சுற்றிப் போ, நில் என்று ஆறே சொல். நீங்கள் ஒரு தடவை வரைந்து காட்டுங்கள், வாயால் சொல்லிக்கொண்டே. பிறகு பிள்ளைகளை இரண்டிரண்டு பேராகப் பிரியுங்கள். ஒருவர் கையில் முடிந்த கோலத்தின் படம். இன்னொருவர் அதைப் பார்க்காமல், சொல்வதைக் கேட்டு வரைய வேண்டும். "டர்ன் லெஃப்ட்! நோ, நோ, லெஃப்ட்!" என்று அதுவரை வாயே திறக்காத பெண் கத்துவாள். தப்புக் கோலம்தான் வரும், அதைப் பார்த்து இருவரும் சிரிப்பார்கள். அங்கே யாரும் யாரையும் திருத்தத் தேவையில்லை. சொன்னது புரிந்ததா இல்லையா என்பதைத் தரையே காட்டிவிடும்.

இன்னொரு ஐந்து நிமிடச் சரக்கு. அவர்கள் எழுத்து, கம்போடியாவின் கெமர் எழுத்து வழியாகப் பல்லவ எழுத்திலிருந்து வந்தது. அரக்கோணம் பக்கம் மகேந்திரவாடியில் பாறையைக் குடைந்த கோயிலில் மகேந்திரவர்மன் வெட்டிய கல்வெட்டு இருக்கிறதே, அந்தக் காலத்து எழுத்தின் தூரத்துப் பேரப்பிள்ளை. அவர்களுடைய வரிசையும் ககரத்தில் தொடங்கி ஙகரம், சகரத்தில் தொடங்கி ஞகரம் என்றுதான் போகும். நாம் 'கே' எழுதும்போது கொம்பை முன்னால் போடுகிறோமே, அவர்களும் அப்படியே. கரும்பலகையில் இரண்டையும் பக்கத்தில் எழுதினால், பிள்ளைகளைவிட அங்குள்ள ஆசிரியர்கள்தான் எழுந்து வந்து பார்க்கிறார்கள்.

பெயர்கள் சுலபம். தாய்லாந்தில் எல்லாருக்கும் ஒரு செல்லப் பெயர் இருக்கும்: ஐஸ், பேங்க், கோல்ஃப் என்று. நம் பெயர்தான் அவர்களுக்குக் கஷ்டம். உங்கள் பெயரை இரண்டு அசைக்குள் சுருக்கி அட்டையில் எழுதிக் குத்திக்கொள்ளுங்கள்.

விசுவாசத்தைப் பற்றிப் பேசும்போது

ஒத்துக்கொண்ட நேரத்தில், ஒத்துக்கொண்ட அளவில். கதையை நாம் சின்ன வாக்கியங்களில் சொல்லலாம், ஆனால் அதைப் பற்றிய உரையாடலை அந்த ஊர் சபையார் அவர்கள் மொழியில் நடத்துவதுதான் சரி. "கையைத் தூக்குங்கள்" என்று முடிவு கேட்காதீர்கள். விருந்தாளி ஆசிரியர் கேட்டால் பிள்ளைகள் மரியாதைக்குக் கையைத் தூக்குவார்கள். அதை எண்ணி எழுதி ஊரில் வந்து சாட்சி சொல்வது நமக்கே நல்லதல்ல. பௌத்தத்தைப் பற்றி ஒரு குறைச் சொல்லும் வேண்டாம். நம் சொந்தக் கதையைச் சொன்னால் போதும், கேட்கிறவர்கள் கேட்பார்கள்.

கை, கால், தலை

கும்பிடுவது நமக்குப் புதிதல்ல. கைகூப்பித் தலை தாழ்த்தி, ஆண்கள் "ஸவாத்தி க்ராப்", பெண்கள் "ஸவாத்தி கா". கவனமாக இருக்க வேண்டியது தலை. அங்கே தலை உடம்பில் உயர்ந்த இடம், அதைத் தொடுவது அவமரியாதை. நம் சபைகளில் பிள்ளையின் தலையில் கை வைத்து ஜெபிப்பது அனிச்சையாக வரும். எங்கள் ஆயர் புறப்படும் முன்பு ஒன்றுக்குப் பத்துத் தடவை சொல்லியும், மூன்றாம் நாள் எங்களில் ஒருவர் கை தானாகப் போனது. அந்தப் பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை, இரண்டடி பின்னால் நகர்ந்தது. கையை உங்கள் நெஞ்சில் வைத்துக்கொண்டு ஜெபியுங்கள்.

பாதத்தை யாரை நோக்கியும் நீட்டாதீர்கள். பிக்குகளைப் பெண்கள் தொடக்கூடாது. காலை 8 மணிக்கும் மாலை 6 மணிக்கும் தேசிய கீதம் ஒலித்தால் நிற்க வேண்டும். அரச குடும்பத்தைப் பற்றி வேடிக்கையாகக்கூட வாய் திறக்க வேண்டாம். அவமதிப்பு என்று எடுத்துக்கொண்டால், அவர்களுடைய குற்றவியல் சட்டத்தின் 112ஆம் பிரிவில் மூன்று முதல் பதினைந்து வருடம்வரை சிறை.

பிள்ளைகள் பாதுகாப்பு

எந்தப் பிள்ளையோடும் எந்த அறையிலும் ஒரு பெரியவர் தனியாக இருக்கக் கூடாது. எப்போதும் இருவர். தனியாகப் பரிசு, பணம், போன் நம்பர் எதுவும் கூடாது. முகம் தெரியும் படத்தை, பெற்றோர் எழுத்தில் சம்மதம் தராமல் ஸ்டேட்டஸில் போடக் கூடாது. ஊரில் காட்ட ஆசையாகத்தான் இருக்கும். பிள்ளைகள் வரைந்த கோலத்தைப் படம் எடுத்துப் போடுங்கள். இதை மீறுகிறவரை அடுத்த விமானத்தில் அனுப்பிவிடுவோம் என்று புறப்படும் முன்பே எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டோம்.

பெட்டியும் உடம்பும்

இரண்டு மாதம் முன்பே மருத்துவரைப் பார்த்து டெட்டனஸ், டைபாய்டு, ஹெபடைடிஸ் ஏ ஊசிகளைப் பற்றிக் கேளுங்கள். அங்கேயும் டெங்கு உண்டு, கொசுத் தைலம் அவசியம். தினமும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சீட்டோடு, அட்டை பிரிக்காமல் எடுத்துப் போங்கள். சில தூக்க மாத்திரைகளுக்கும் வலி மாத்திரைகளுக்கும் அங்கே கட்டுப்பாடு இருக்கிறது.

சாப்பாட்டுக்குப் பயப்பட வேண்டாம். வடக்கே ஒட்டரிசியைக் கையால் உருட்டித்தான் சாப்பிடுகிறார்கள். காரம் நம்மையே அழ வைக்கும். மீன் சாறு எல்லாவற்றிலும் இருக்கும் என்பதால் சைவக்காரர்கள் முன்பே சொல்லி வைக்க வேண்டும். ஊறுகாய் கொண்டு போகிறவர்கள் பாட்டிலை நம்பாதீர்கள். என் இரண்டு சட்டையில் இன்னும் ஆவக்காய் எண்ணெய்க் கறை இருக்கிறது.

விமானம் நள்ளிரவுக்கு என்றால் காட்பாடியிலிருந்து மத்தியான ரயிலைப் பிடியுங்கள். சென்னைக்கு இரண்டு மணி நேரம்தான், ஆனால் கடைசி ரயிலை நம்பி எட்டுப் பேர் பதினாறு பெட்டியோடு நிற்கக் கூடாது. பாங்காக் நேரம் நம்மைவிட ஒன்றரை மணி முன்னால். இறங்கியதும் கடிகாரத்தை மாற்றுங்கள்.

திரும்பி வந்த பிறகு

ஒரு வாரத்துக்குள் கணக்கை முடித்துக் கமிட்டியிடம் கொடுத்துவிடுங்கள், மிச்சம் இருந்தால் அதையும் சேர்த்து. சபையில் பேசக் கூப்பிடுவார்கள். "பாவம், அவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை" என்று ஆரம்பிக்க வேண்டாம். நம்மைப் பற்றி அப்படி எழுதப்பட்ட பழைய மிஷன் அறிக்கைகளைப் படித்தால் நமக்கு என்ன தோன்றும்? அவர்களிடம் நீங்கள் கற்ற ஒன்றைச் சொல்லுங்கள். பேசியதை அந்த ஊர் சபையார் கேட்டாலும் முகம் சுளிக்கக் கூடாது. நாங்கள் எங்கள் அறிக்கையை முதலில் அங்கே அனுப்பினோம். அவர்கள் இரண்டு இடத்தில் கோடு போட்டுத் திருப்பி அனுப்பினார்கள். அந்த இரண்டையும் எடுத்துவிட்டுத்தான் ஞாயிறன்று வாசித்தேன்.

அடுத்த கேம்ப்புக்குத் தேதி கேட்டு நாமாக எழுதவில்லை. பிப்ரவரியில் அங்கிருந்து ஓர் ஆசிரியை செய்தி அனுப்பினார். பிள்ளைகள் பள்ளி வாசலில் சாக்பீஸில் கோலம் போட்டிருக்கும் படம். முகம் எதுவும் தெரியவில்லை. கீழே ஒரு வரி: இந்தத் தடவை ஐந்து புள்ளிக் கோலம் கற்றுத் தர முடியுமா, அக்டோபர் இரண்டாம் வாரம்?